முப்பது சதவீதம்

மஞ்சக்குப்பத்தில் நகைக்கடன் கடைக்கு மேலே
மூன்றாவது மாடி.
எட்டு வருஷத்தில் நாலு பலகை பார்த்துவிட்டது அந்த வாசல்.
சிம் விற்றவர்கள், ஆதார் எடுத்தவர்கள்,
ஆன்லைன் டியூஷன், இப்போது நாங்கள்.
ராத்திரி பத்துக்கு ஏறி ஆறுக்கு இறங்குகிறோம்.
டிரைவர் இல்லாமல் ஓடப்போகிற காருக்கு
எது மனுஷன் எது மரம் என்று
கட்டம் போட்டுக் காட்டுகிற வேலை.

நடப்பவருக்குப் பச்சை. வண்டிக்கு நீலம்.
ஒன்றிலும் சேராதது சாம்பல், 'மற்றவை'.
கட்டத்துக்கு நாற்பது பைசா.

முதல் மாதம் பூரா ஏதோ ஒரு ஊரின் பனி.
எந்த ஊர் என்று சொல்லமாட்டார்கள்.
சிவப்புக் குல்லாய்க்காரி ஒருத்தி
நாயை இழுத்துக்கொண்டு தினமும் வருவாள்.
அவளுக்கு மட்டும் இருநூறு பச்சை போட்டிருப்பேன்.
அவள் புண்ணியத்தில் அரைக் கிலோ மத்தி.

இங்கே என் பெயர் ஏ-47.
தில்லைக்கரசி அக்கா என்று கூப்பிடுவது
தண்ணி கேன் போடுகிற பையன் மட்டும்.

கார்த்திகை அடைமழையில் ஒரு ராத்திரி
அறுபது செல்போனும் ஒரே நேரத்தில் அலறின.
தென்பெண்ணையில் தண்ணீர் திறந்துவிட்டார்களாம்.
'இந்தச் சத்தம் அன்னைக்கு இருந்திருந்தா' என்றாள் ராஜகிளி.
அவள் தேவனாம்பட்டினம்.
மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை.

போன வாரம் வந்த வீடியோவில் பனி இல்லை.
வெயில், புழுதி, தெரிந்த பள்ளம்.
லாரன்ஸ் ரோடு!
நம்ம ஊரிலும் ஒரு கார்
தலையில் கேமராவோடு சுற்றியிருக்கிறது,
பார்த்தவர்கள் கல்யாண வீடியோ என்று நினைத்திருப்பார்கள்.
பண்ருட்டிப் பலா ஏற்றிய தள்ளுவண்டி, மற்றவை.
நடுரோட்டில் அசைபோடும் மாடு, மற்றவை.
அப்புறம் ஒரு சாவு ஊர்வலம்.
பறைக்கு முன்னால் ஆடிக்கொண்டு வருகிறவர்கள்
நடப்பவர்களா சார் என்று கபீர் சாரைக் கேட்டேன்.
அவர் மேலே மெயில் போட்டார்.
மூணு நாள் கழித்துப் பதில்: ஆம், நடப்பவர்கள்.
பாடையில் இருப்பவர்?
அதற்கு இன்னும் வரவில்லை.

அடுத்த படத்தில் ஒரு ஷேர் ஆட்டோ.
நீலம் போட்ட பிறகுதான் பார்த்தேன்.
நம்பரை மங்கலாக்கியிருந்தார்கள்,
பின்கண்ணாடி ஸ்டிக்கரை விட்டுவிட்டார்கள்.
என் மகள் நித்திலா. 'லா' உரிந்துபோய் ஆறு மாசம் ஆகிறது.
வண்டிக்கு அந்தப் பக்கம் குனிந்து
டயர் மாற்றுகிறார் கலியமூர்த்தி.
தெரிவது ஒரு முழங்கால், ஒரு செருப்பு,
காக்கிச் சட்டையில் ஒரு முனை.

முப்பது சதவீதத்துக்குக் கீழே தெரிந்தால்
கட்டம் கூடாது, தவிர்க்க வேண்டும்.
விதி.

பச்சை போட்டேன்.
சிவப்பில் திரும்பி வந்தது.
மறுபடி போட்டேன்.
மூணாவது தடவை ரெண்டு ரூபாய் பிடித்தம்.

'இன்னாம்மா ஏ-47, அது ஆளே இல்ல, வெறும் காலு.'
'காலுதான் சார்.
அதுக்கு மேல எங்க வீட்டுக்காரரு இருக்காரு.'

அடுத்த மாசத்திலிருந்து மெஷினே கட்டம் போடுமாம்,
நாங்கள் சரி, தப்பு மட்டும் சொன்னால் போதுமாம்.
அதற்குப் பதினெட்டுப் பேர் போதும்.
ராஜகிளிக்குக் கணக்கு முடித்துவிட்டார்கள்.
இறால் கம்பெனிக்குப் போகிறேன்,
அங்கயும் உரிக்கிற மெஷின் வருதாமே என்று சிரித்தாள்.
பதினெட்டில் நான் இருக்கிறேன்.
ஏன் என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

விடிகாலை ஆட்டோவில் ஏறியதும் அவரிடம் சொன்னேன்.
'எந்தச் செருப்பு, பழசா?' என்றுதான் முதலில் கேட்டார்.
பாலம் தாண்டுகிறவரை பேச்சில்லை.
பிறகு,
'டிரைவரே இல்லாத வண்டின்றியே,
பஞ்சரானா யாரு குனிவா?'

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
பால் வாங்கணும், நிறுத்துங்க என்றேன்.
கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்த்துவிட்டு
ஓரமாக நிறுத்தினார்.